தமிழ் எழுத்தை பைட் ஆக்கி, பைனரி ஃபைலில் போட்டு, உடையாமல் திரும்ப எடுப்பது

ராயபுரம் என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 8 என்கிறது. அதையே ஃபைலில் சேமித்துப் பார்த்தால் 24 பைட். மூன்றும் சரியான விடைதான். கல்லூரி லேபில் ஆங்கிலச் சொற்களை வைத்துப் பழகும்போது மூன்று எண்ணும் ஒன்றாகவே வந்துவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அப்புறம் ஒருநாள் காசிமேட்டிலோ மண்ணடியிலோ ஒரு கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதி, வாடிக்கையாளரின் ஊர்ப் பெயரைத் தமிழில் சேமிக்கத் தொடங்கும்போதுதான் ஒவ்வொன்றாகக் கலைய ஆரம்பிக்கும்.

இங்கே சொல்லப்போவது இவ்வளவுதான்: எழுத்தை பைட் ஆக்குவது, அந்த பைட்டை 1, 0 ஆக விரித்துப் பார்ப்பது, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பைனரி ஃபைல் எழுதுவது, அதை ஒழுங்காகத் திரும்பப் படிப்பது. உதாரணத்துக்கு காசிமேடு மீன் ஏலக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கூடைக் கணக்கில் ஏலம் போகிற இடத்தில் எடை எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு, எடை போட்டு வாங்கும் கம்பெனிக்காரர் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி பைத்தான் 3. ஜாவா, சி பக்கம் எங்கே மாறும் என்பது நடுநடுவே வரும். கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பைட்டுக்கு என்று தனியாக அர்த்தம் கிடையாது

பைட் என்பது 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். 109, 107, 59, 107, 104 என்று ஐந்து பைட் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி முறைப்படி படித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஏதோ கிறுக்கல். அதே ஐந்து பைட்டுக்கு பாமினி எழுத்துருவை மாட்டினால் திரையில் "அம்மா" என்று தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில், யூடிஎஃப்-8 முறைப்படி சேமித்தால், அதே அம்மாவுக்கு 15 பைட் ஆகிறது, அதில் ஒன்றுகூட இந்த ஐந்தில் இல்லை. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்த பழைய டிடிபி ஃபைலை வீட்டுக்கு எடுத்துவந்து திறந்து பார்த்துவிட்டு "தமிழெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று புலம்புவார்கள். உண்மையில் ஒரு பைட்டும் அழியவில்லை. எந்த எழுத்துருவுக்காக அடித்தது என்ற தகவல் மட்டும் ஃபைலோடு வரவில்லை.

ஆக, எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே விதிப்படி நடந்தால்தான் பைட் எழுத்தாகும், எண்ணாகும், படமாகும். கீழே வருகிற எல்லாச் சிக்கலும் ஏதோ ஒரு விதியை ஒரு பக்கம் சொல்லாமல் விட்டதால் வருவதுதான்.

எழுத்திலிருந்து பைட்

தமிழுக்கு இன்றைக்கு யூனிகோடு, அதை ஃபைலில் வைக்க யூடிஎஃப்-8. வேறு யோசனையே வேண்டாம். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லா இடமும் நிரம்பவில்லை. இந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் சரியாக மூன்று பைட் எடுக்கும்.

ஊர் = "ராயபுரம்"
தரவு = ஊர்.என்கோட்("யூடிஎஃப்-8")
பிரிண்ட்(லிஸ்ட்(தரவு))

ஓட்டினால் வருவதைக் குறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன்:

ர : 224 174 176
துணைக்கால் : 224 174 190
ய : 224 174 175
ப : 224 174 170
உகரக் குறி : 224 175 129
ர : 224 174 176
ம : 224 174 174
புள்ளி : 224 175 141

எட்டுக் குறி, 24 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஃபைலை எண்களாகத் திறந்தாலும் 224 174, 224 174 என்று ஓடினால் உள்ளே தமிழ் இருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். லினக்சில் "ஓடி" என்ற கட்டளைக்கு "-டி யூ1" என்று கொடுத்தால் பைட்டுகளை இப்படிப் பத்தடிமான எண்களாகவே காட்டும்.

திரும்ப எழுத்தாக்க தரவு.டிகோட்("யூடிஎஃப்-8"). இரண்டு பக்கமும் முறையின் பெயரை எழுதியே கொடுங்கள். என்கோட், டிகோட் இரண்டும் சொல்லாமல் விட்டாலும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும், ஆனால் ஃபைலைத் திறக்கிற ஓபன் அப்படி இல்லை. விண்டோசில் பல காலமாக அது கணினியின் உள்ளூர்ப் பட்டியலைத்தான் எடுத்துவந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் ஓடியது கடைக்காரர் கணினியில் உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1, 0 ஆகப் பார்ப்பது

ர என்ற எழுத்தின் மூன்று பைட்டையும் விரித்தால்:

11100000 10101110 10110000

முதல் பைட் மூன்று ஒன்றுகளில் தொடங்குகிறது. "என்னோடு சேர்த்து மொத்தம் மூன்று பைட்" என்று அது சொல்கிறது. அடுத்த இரண்டும் 10 என்று தொடங்குகின்றன. அவை நடுவில் வரும் பைட், தனியாக ஓர் எழுத்தைத் தொடங்காது. இந்த முன்னொட்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினால் 0000 101110 110000, அதாவது 2992. யூனிகோடில் ர இருக்கும் இடம் அதுதான். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை விரிப்புத் தாளில் எழுதிப் பார்த்த அமைப்பு இது. ஃபைலின் எந்த இடத்தில் போய் நின்றாலும் எழுத்தின் தொடக்கத்திலா நடுவிலா நிற்கிறோம் என்பது ஒரே பைட்டில் தெரிந்துவிடும். இந்த வசதி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பைத்தானில் இந்த விரிப்புக்கு "பின்" என்ற ஃபங்ஷனைப் பலரும் எடுக்கிறார்கள். முன்னால் வருகிற 0பி என்பதை வெட்டிவிட்டால் தமிழ் எழுத்துக்கு ஒழுங்காக எட்டு இலக்கம் வரும். ஏனென்றால் தமிழின் எல்லா பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான். பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி வந்தவுடன் குட்டு உடையும். இடைவெளி 32, அதை "பின்" 100000 என்று ஆறு இலக்கமாகத் தரும், அங்கிருந்து எட்டு எட்டாக வெட்டுவது எல்லாம் தள்ளிப்போகும். எனவே ஃபார்மேட்(எண், "08பி") என்று கேளுங்கள், முன்னால் சுழியம் நிரப்பி எப்போதும் எட்டு இலக்கம் தரும். திரும்புவதற்கு எட்டு எட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இன்ட்(துண்டு, 2) ஆக்கி, வந்த எண்களின் பட்டியலை பைட்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டு, டிகோட் செய்தால் சரி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த 1, 0 வரிசையை ஃபைலில் எழுதிவிட்டு "பைனரி ஃபைல் செய்துவிட்டேன்" என்று காட்டுகிற புராஜெக்ட்களை நிறையப் பார்க்கிறேன். அது பைனரி ஃபைல் கிடையாது. அதில் இருப்பது "1" என்ற எழுத்தும் "0" என்ற எழுத்தும், அதாவது 49, 48 என்ற பைட்டுகள். 24 பைட் ராயபுரம் 192 பைட் ஆகியிருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும். 1, 0 வரிசை நாம் பார்ப்பதற்கு. ஃபைலில் போக வேண்டியது என்கோட் தந்த அந்த 24 பைட்.

ஏ தலையில் கோடு

யூடிஎஃப்-8 தமிழை யாராவது சிபி1252 என்கிற மேற்கத்திய விண்டோஸ் பட்டியல்படி படித்தால், 224 தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ ஆகவும், 174 வட்டத்துக்குள் ஆர் ஆகவும் தெரியும். சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் இரட்டை கிளிக் செய்து திறந்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். "தம்பி, இன்னாபா இது, ஊர் பேரு வர வேண்டிய எடத்துல வரிசையா டிரேட்மார்க்கா வருது?" என்று ஒரு படகுக்கார அண்ணன் கேட்டார், அவர் கேட்டது அந்த 174ஐத்தான்.

எக்செல்லுக்கு மட்டும் என்றால் தீர்வு எளிது. சிஎஸ்வி எழுதும்போது என்கோடிங் பெயரை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். ஃபைலின் தலையில் 239 187 191 என்ற மூன்று பைட் சேரும், எக்செல் அதைப் பார்த்து யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். இந்த மூன்று பைட்டை நம் பைனரி ஃபைலுக்குள் கொண்டுவராதீர்கள், அங்கே அதற்கு வேலை இல்லை.

ஏற்கெனவே கெட்டுப்போன எழுத்தைச் சரிசெய்ய, தவறாகப் படித்த அதே பட்டியலில் என்கோட் செய்து யூடிஎஃப்-8இல் டிகோட் செய் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு இது பெரும்பாலும் பலிக்கும். தமிழுக்குக் கஷ்டம். சிபி1252இல் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் காலி. நம் துரதிர்ஷ்டம், 129 உகரக் குறியின் கடைசி பைட், 141 புள்ளியின் கடைசி பைட். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்ச் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காலி இடங்களை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கையாளும், சிலது தூக்கி எறிந்துவிடும், எறிந்தது எறிந்ததுதான். லாட்டின்-1 பட்டியலில் காலி இடமே இல்லை என்பதால் அதன்படி தவறாகப் படித்தது மட்டும் முழுசாகத் திரும்பி வரும். எனவே மூல ஃபைல் கையில் இருக்கிறவரை வைத்தியம் பார்க்க வேண்டாம், மூலத்திலிருந்தே மறுபடி படியுங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்

இப்போது ஏலக் கணக்கு. ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு பதிவு, எல்லாப் பதிவும் ஒரே நீளம். கொருக்குப்பேட்டை யார்டில் நிற்கிற சரக்கு ரயில் பெட்டி மாதிரி, ஒரு பெட்டியின் நீளம் தெரிந்தால் நூறாவது பெட்டி எங்கே நிற்கும் என்று எண்ணாமலே சொல்லிவிடலாம்.

ஏல எண் : 4 பைட்
நேரம் : 8 பைட்
மீன் குறியீடு : 2 பைட்
ஊர்ப் பெயரின் பைட் நீளம் : 2 பைட்
ஊர்ப் பெயர் : 64 பைட்
எடை, கிராமில் : 4 பைட்
விலை, பைசாவில் : 4 பைட்

மொத்தம் 88. நேரத்துக்கு 8 பைட் கொடுத்ததற்குக் காரணம், 1970லிருந்து நொடிகளை எண்ணும் வழக்கமான முறையில், கூட்டல் கழித்தல் குறியுள்ள 4 பைட் எண் 2038 ஜனவரி 19ஆம் தேதியோடு நிரம்பிவிடும். மீனுக்குப் பெயர் எழுதாமல் குறியீடு வைத்தேன், வஞ்சிரம் 1, சங்கரா 2, வவ்வால் 3 என்று தனியாக ஒரு பட்டியல் போதும். எடையையும் விலையையும் முழு எண்ணாக வைத்திருக்கிறேன். தசமப் புள்ளி எண்ணில் பணத்தை வைத்தால் 0.1 என்பதையே துல்லியமாக வைக்க முடியாது, மாதக் கடைசியில் கூட்டும்போது காசு இடிக்கும். 4 பைட்டில் 4 கோடியே 29 லட்சம் ரூபாய்க்கு மேல் பைசா பிடிக்கும், ஒரு ஏலத்துக்கு அது தாராளம்.

பைத்தானில் இதற்கு "ஸ்ட்ரக்ட்" என்ற மாட்யூல். அமைப்பை ஒரு சிறிய வரியில் சொல்ல வேண்டும்: "<ஐக்யூஎச்எச்64எஸ்ஐஐ". ஐ என்றால் கூட்டல் கழித்தல் குறியில்லாத 4 பைட் எண், க்யூ 8, எச் 2 (மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்து), 64எஸ் (எஸ் சின்ன எழுத்து) என்றால் 64 பைட் கொண்ட துண்டு. முன்னால் இருக்கும் < குறியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் பைத்தான் கணினியின் சொந்த வழக்கப்படி, 8 பைட் எண்ணை எட்டால் வகுபடும் இடத்தில் வைப்பதற்காக நடுவில் 4 பைட் வெற்றிடம் விடும். சாதாரண 64 பிட் கணினியில் ஸ்ட்ரக்ட்.கால்க்சைஸ் கேட்டுப் பாருங்கள், குறி இருந்தால் 88, இல்லாவிட்டால் 92. இதே வரிசையை சி மொழியில் ஸ்ட்ரக்டாக அறிவித்து சைஸ்ஆஃப் கேட்டால் கடைசியிலும் நிரப்பி 96 என்று சொல்லும். மூன்று புரோகிராம், மூன்று நீளம், ஒரே ஃபைல்! சி-யில் ஸ்ட்ரக்டை அப்படியே எஃப்ரைட்டில் கொட்டாமல் ஒவ்வொரு புலமாக எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

< குறி இன்னொன்றையும் முடிவு செய்கிறது: எண்ணின் சிறிய பக்கம் முதலில் வரும். 300 ரூபாய் என்றால் 30000 பைசா, அது ஃபைலில் 48, 117, 0, 0 என்று விழும். பெரிய பக்கம் முதலில் என்றால் 0, 0, 117, 48. ஜாவாவின் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் எப்போதும் பெரிய பக்கத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கும். நீங்கள் பைத்தானில் எழுதிய ஃபைலை நண்பர் ஜாவாவில் நேராகப் படித்தால், 300 ரூபாய்க்குப் போன சங்கரா அவர் திரையில் 81 லட்சத்து 29 ஆயிரத்து 740 ரூபாய் 80 காசு என்று நிற்கும். ஜாவாவில் பைட்பஃபர் எடுத்து, அதன் ஆர்டரை லிட்டில் எண்டியன் என்று மாற்றிவிட்டுப் படிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் டேட்டாவியூவிலும் பெரிய பக்கம்தான் இயல்பு, கடைசியில் "ட்ரூ" என்று ஒரு மதிப்பு கொடுத்தால் மாறும். ஜாவாவில் இன்னொரு விஷயம், அங்கே பைட்டுக்குக் கூட்டல் கழித்தல் குறி உண்டு, அதனால் நம் 224 அங்கே −32 என்று தெரியும். பதற வேண்டாம், 255உடன் பிட் வாரியாக "அண்ட்" போட்டால் 224 வந்துவிடும்.

ஊர்ப் பெயருக்கு ஏன் 64

ஆங்கிலப் பழக்கத்தில் யோசிக்கிறவர்கள் "ஊர்ப் பேருக்கு 40 தாராளமாப் போதுமே" என்பார்கள். திருவொற்றியூர், கண்ணுக்கு ஏழு எழுத்து. குறிகளாக 14, பைட்டாக 42. தண்டையார்பேட்டை 45, கொருக்குப்பேட்டை 48, பழைய வண்ணாரப்பேட்டை நடுவில் உள்ள இடைவெளியோடு 55. வடசென்னையில் பேட்டைகளுக்குப் பஞ்சமில்லை, 40 என்று வைத்தால் பாதி ஊர் உள்ளே போகாது.

போகாததுகூடப் பெரிய விஷயமில்லை, சத்தம் போடாமல் வெட்டுவதுதான் ஆபத்து. 40எஸ் என்ற இடத்தில் 42 பைட்டைக் கொடுத்தால், மதிப்புகளைப் பதிவாக அடுக்கித் தரும் ஸ்ட்ரக்ட்.பேக் எந்தப் பிழையும் காட்டாது, 40இல் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். 40ஐ மூன்றால் வகுத்தால் 13, மீதி 1. அதாவது 13 குறிகளும், புள்ளியின் முதல் பைட்டான 224 மட்டும் ஒட்டிக்கொண்டும் உள்ளே போயிருக்கும். எழுதிய அன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கும். மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போதுதான் டிகோட் அந்த ஒற்றை 224இல் தடுக்கி, யூனிகோடு டிகோட் எரர் என்று நிற்கும்.

இணையத்தில் தேடினால் டிகோடில் "எரர்ஸ்" என்ற இடத்தில் "இக்னோர்" போடு என்று விடை வரும். போட்டால் பிழை மறையும், கூடவே தரவும் மறையும், எங்கே என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆலோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் நல்ல வழி, நடு பைட்டில் நிற்கிறோமா என்று பார்த்து, பைட்டை 192உடன் "அண்ட்" போட்டு 128 வந்தால் ஒன்று பின்னால் போய், எழுத்தின் தொடக்கத்தில் வெட்டுவது. மேலே சொன்ன வசதி இதுதான். அப்படி 39இல் வெட்டினால் பிழை வராது, ஆனால் கிடைப்பது "திருவொற்றியூர". புள்ளி போய்விட்டது. பைட் கணக்கு சரி, தமிழ் தப்பு. கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக வெட்ட வேண்டுமென்றால் "ரீஜெக்ஸ்" என்ற தனி மாட்யூலில் பின்சாய்வுக்கோடு எக்ஸ் என்ற குறி, மெய்யையும் புள்ளியையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பிடித்துத் தரும். ஏலக் கணக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. என் வழி: இடத்தைத் தாராளமாக வை, அதையும் தாண்டினால் வெட்டாதே, பேக் செய்வதற்கு முன்பே நீளத்தைப் பார்த்துப் பிழை காட்டி, தட்டச்சு செய்பவரிடமே திருப்பி அனுப்பு.

கொருக்குப்பேட்டையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முதல் எழுத்தான கொ-வில் உள்ள ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக 224 175 138. அல்லது ஒற்றைக் கொம்பு 224 175 134, அப்புறம் துணைக்கால் 224 174 190. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஃபைலில் ஒன்று 48 பைட், மற்றது 51. "கொருக்குப்பேட்டை" என்று தேடினால் பாதிப் பதிவுகள் கிடைக்காமல் போனால் முதலில் இங்கே பாருங்கள். என்கோட் செய்வதற்கு முன் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை "என்எஃப்சி" என்று கொடுத்து ஓட்டிவிட்டால் எல்லாம் ஒற்றைக் குறியாகிவிடும். தேடும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும்.

தலைப்பு 16 பைட்

பதிவுகளுக்கு முன்னால் ஃபைல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள 16 பைட் வையுங்கள்: அடையாளம் 4, பதிப்பு எண் 2, ஒரு பதிவின் நீளம் 2, பதிவுகளின் எண்ணிக்கை 4, பிற்காலத்துக்குக் காலியாக 4. அடையாளத்துக்கு நான் 137, 224, 174, 149 வைப்பேன். கடைசி மூன்றும் காசிமேட்டின் க. முதலில் 137 வைப்பது பிஎன்ஜி படத்தைப் பார்த்துக் கற்றது. தனியாக 137இல் எந்த யூடிஎஃப்-8 எழுத்தும் தொடங்காது என்பதால் இதை யாரும் உரை ஃபைல் என்று தவறாக எண்ண முடியாது.

பிஎன்ஜியின் தலைப்பு எட்டு பைட்: 137 80 78 71 13 10 26 10. நடுவில் 80 78 71 என்பது பி, என், ஜி. பின்னால் வரும் 13 10, தனி 10 இரண்டும் சும்மா இல்லை. வரி முடிவை விண்டோஸ் 13 10 என்றும் லினக்ஸ் 10 என்றும் வைக்கிறது. யாராவது வழியில் "உதவி செய்கிறேன்" என்று ஒன்றை மற்றதாக மாற்றியிருந்தால் தலைப்பைப் படிக்கும்போதே மாட்டிக்கொள்வார்கள். சி-யில் விண்டோசில் ஃபைலை "டபிள்யூபி" என்று திறக்காமல் வெறும் "டபிள்யூ" என்று திறந்தால் நடப்பது இதுவேதான். நம் ஏலக் கணக்கில் முதல் ஒன்பது பதிவு வரை ஒழுங்காக ஓடிவிடலாம். ஏல எண் 10 வந்ததும் அந்த 10, 13 10 ஆகி, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும். பைத்தான் 3 இந்த விஷயத்தில் கண்டிப்பு, உரை முறையில் திறந்த ஃபைலில் பைட்டை எழுதப் போனால் டைப் எரர் காட்டி நிறுத்திவிடும்.

எழுதுவது, சேர்ப்பது, படிப்பது

புதிதாகத் தொடங்க "டபிள்யூபி". கவனம், ஏற்கெனவே இருக்கிற ஃபைலை இப்படித் திறந்த நொடியிலேயே அது காலி. எழுதத் தொடங்குகிற வரைகூடக் காத்திருக்காது. தினசரி பதிவு சேர்க்க "ஏபி" பொருத்தம் என்று தோன்றும், ஆனால் தலைப்பில் உள்ள எண்ணிக்கையைத் திருத்த அது விடாது. சீக் செய்து எந்த இடத்துக்கு நகர்ந்தாலும் லினக்சில் எழுதுவது கடைசியில்தான் போய் விழும். படிக்கவும், எந்த இடத்திலும் எழுதவும் விடுகிற "ஆர்+பி" எடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கடைசிக்கு சீக், 88 பைட்டை எழுது, ஃப்ளஷ், ஓஎஸ்.எஃப்சிங்க் (இரண்டும் எழுதியதை வட்டில் இறக்குவதற்கு), அதற்கு அப்புறம் 8ஆவது பைட்டுக்கு சீக் செய்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டி எழுது. நடுவில் கரண்ட் போனால் (விடியற்காலை ஏல நேரத்தில் போகாதா என்ன) பதிவு பாதி எழுதப்பட்டிருக்கலாம், ஆனால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்காது. அடுத்த முறை திறக்கும்போது ஃபைலின் அளவு 16 + 88 × எண்ணிக்கை என்பதற்குச் சமமா என்று பாருங்கள். 250 பதிவு என்றால் 22016 இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மிச்சத்தை ட்ரங்கேட் செய்துவிட்டு மேலே போகலாம். குறைவாக இருந்தால் நின்றுவிடுங்கள், யாரோ ஃபைலை வெட்டியிருக்கிறார்கள்.

நூறாவது பதிவு வேண்டுமா? 16 + 88 × 99, அதாவது 8728க்கு சீக், 88 பைட் ரீட். வந்த துண்டின் நீளம் 88க்குக் குறைவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஃபைல் முடிந்துவிட்டால் ரீட் பிழை காட்டாது, கிடைத்த அளவை, சில நேரம் வெறும் காலித் துண்டைத் தரும். அப்புறம் அன்பேக் செய்து புலங்களைப் பிரித்தெடுங்கள். ஊர்ப் பெயர் 64 பைட்டாக, பின்னால் சுழியங்களோடு வரும். பக்கத்துப் புலத்தில் நீளம் இருக்கிறதே, அந்த அளவுக்கு வெட்டி டிகோட் செய்தால் போதும்.

பெரிய உரை ஃபைலை பைட்டாகத் துண்டு துண்டாகப் படிக்கும்போதும் இதே வெட்டுப் பிரச்சினை வரும். வழக்கமாக எல்லாரும் வைக்கிற 65536 மூன்றால் வகுபடாது, மீதி 1. முழுக்கத் தமிழாக இருக்கிற ஃபைலில் முதல் துண்டின் கடைசியிலேயே ஓர் எழுத்து உடையும். துண்டு துண்டாக டிகோட் செய்ய கோடெக்ஸ் மாட்யூலில் இன்கிரிமென்டல் டிகோடர் இருக்கிறது, மிச்ச பைட்டை வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும்.

ஃபைலை மெயிலிலோ ஜேசானிலோ அனுப்ப வேண்டுமென்றால் பைட்டை அப்படியே போட முடியாது, பேஸ்64 ஆக்க வேண்டும். மூன்று பைட் நாலு எழுத்தாகும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். வெறும் தமிழை மட்டும் பேஸ்64 ஆக்கினால் ஒவ்வொரு குறியும் சரியாக நாலு எழுத்தாகி, எல்லாமே "4கே" என்று தொடங்கும். லாக் ஃபைலில் 4கே, 4கே என்று வந்தால் அது தமிழ்தான். இது பூட்டு கிடையாது என்பதை மறக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் திருப்பிப் பார்க்கலாம்.

கடைக்குக் கொடுப்பதற்கு முன் கீழே உள்ளவற்றை எழுதி, ஃபைலை மூடி, மறுபடி திறந்து படித்து, போட்டதும் வந்ததும் ஒன்றா என்று பாருங்கள். ஊர் "திருவொற்றியூர்". ஊர் "கொருக்குப்பேட்டை", இரண்டு விதக் கொ-விலும், இரண்டும் ஒற்றைக் குறியாகவே திரும்பி வர வேண்டும். ஊர் காலி. ஊர்ப் பெயரில் ஒரு மீன் எமோஜி, அது நாலு பைட். 64ஐத் தாண்டுகிற ஒரு முழு முகவரி, இதற்குப் பிழை வர வேண்டும். ஏல எண் 10, அப்புறம் 13, 26. விலை 0, விலை 4294967295 பைசா, அதற்கு ஒன்று கூடுதலாக இன்னொன்று, இதற்கும் பிழை வர வேண்டும். கடைசியாக, எழுதிக்கொண்டிருக்கும்போதே புரோகிராமை நடுவில் கொன்றுவிட்டுத் திறந்து பாருங்கள்.